தெருமுனை வரை

அம்மாவை எடுத்த அன்று நான் எங்கள் தெருமுனையில் நின்றுவிட்டேன். சேலையூரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து அந்த முனைக்கு எண்பது தப்படி இருக்கும். அமரர் ஊர்தி மெதுவாக நகர்ந்தது. பெண்கள் பின்னால் நடந்தோம். முனையில் இருக்கும் மளிகைக் கடையருகே பெரியம்மா கையை நீட்டித் தடுத்தார். "போதும்டீ, இதுக்கு மேல நாம போகக் கூடாது. வீட்டைக் கழுவி விடணும், வா" என்றார். வண்டி வேளச்சேரி சாலைப் பக்கம் திரும்பி மறைந்தது. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். அம்மாவின் கடைசி ஏழு வருடங்களில் அவன் நான்கு முறை வந்திருப்பான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கும் அது யாரோ கொடுத்த வேலைதான். ஆனால் அம்மாவின் கடைசிப் பயணத்தில் ஒரு பாதி எனக்குத் தெரியாது. அது அவனுக்குத்தான் தெரியும்.

அன்று கேட்காமல் விட்ட கேள்வியைப் பிறகு வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சாவு வீட்டில் அழுவது பெண்ணின் வேலை என்று வைத்த சமூகம், சுடுகாட்டை மட்டும் ஏன் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது? "ஆதி காலத்திலிருந்து வந்த பழக்கம்" என்பதுதான் பெரியவர்கள் சொல்லும் பதில். அந்த ஆதி காலத்தைத்தான் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம் என்று இறங்கினேன்.

காலடியில் இருக்கும் ஈமக்காடு

அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் சில நிறுத்தங்கள் தாண்டினால் பல்லாவரம். 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் பழைய கற்கால ஆய்வைத் தொடங்கிவைத்த கற்கருவியைக் கண்டெடுத்த ஊர் என்று அதைப் பள்ளியில் படித்திருப்போம். அதே பல்லாவரம் மலைப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுடுமண்ணால் ஆன ஈமப்பேழைகளும் கிடைத்தன. நீளமான தொட்டி, அதன் அடியில் வரிசையாகக் குட்டையான கால்கள். இறந்தவரின் எலும்புகளை வைத்துப் புதைப்பதற்காகச் செய்தவை. தெற்கே போனால் சாணூர், பெரும்பேர் என்று செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கமெல்லாம் பெருங்கற்கால ஈமக்காடுகள். இன்று நாம் மனை வாங்கி, கடன் வாங்கி, அடுக்குமாடி கட்டிக்கொண்டிருக்கும் இந்தப் புறநகரில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் தங்கள் இறந்தவர்களுக்கு மண்ணில் வீடு செய்து வைத்திருந்தார்கள்.

அந்தப் பேழைகளையும் தாழிகளையும் யார் செய்தார்கள், செய்யும்போது பக்கத்தில் நின்றவர்கள் என்ன பேசினார்கள் என்பதைத் தொல்லியல் சொல்லாது. புறநானூற்றின் 256ஆம் பாடல் சொல்கிறது. கணவனை இழந்த பெண் ஒருத்தி குயவரிடம் பேசுகிறாள். வண்டியின் ஆரக்காலைப் பற்றிக்கொண்டு கூடவே வந்த பல்லியைப் போல, எத்தனையோ காடுகளை அவனோடு கடந்து வந்தவள் அவள். அவனுக்குத் தாழி செய்யும்போது எனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய் என்று கேட்கிறாள். பாடியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஈமத்துக்கான பாத்திரத்தின் அளவைப் பற்றிக் குயவரிடம் நேரே பேசும் பெண்ணாக அவள் நிற்கிறாள். தெருமுனையில் யாரும் அவளைத் தடுக்கவில்லை.

அதே தொகுப்பில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பாடல்களைச் சேர்த்துப் படித்துப் பாருங்கள். 245ஆம் பாடல் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதையுடையது. மனைவி ஈமத் தீயில் எரிந்துவிட்டாள், நான் இன்னும் உயிரோடு இருக்கிறேனே, இது என்ன இயல்பு என்று அவன் திகைக்கிறான். 246ஆம் பாடல் பூதபாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டுவுடையது. தீயில் இறங்க வேண்டாம் என்று தடுக்கும் சான்றோரை அவள் திட்டுகிறாள். நெய்யில்லாத சோறு, வேளைக்கீரை, பாயில்லாத கல் படுக்கை என்று கைம்பெண் வாழ்வைப் பட்டியலிட்டு, அதைவிடத் தீ எனக்குத் தாமரைக் குளம் போல என்கிறாள். கணவனின் துயரம் ஒரு கேள்வியில் முடிகிறது. மனைவியின் துயரத்துக்கு முன்னால் இரண்டு வழிகள்தான் இருக்கின்றன: பட்டினி அல்லது தீ. மாக்கோதையிடம் நெய் சாப்பிடாதே என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெருங்கோப்பெண்டு பேசுவது ஈமத் தீக்கு முன்னால் நின்றுகொண்டு. அதாவது பெண் சுடுகாட்டுக்கு வந்திருக்கிறாள். சாக வந்தபோது அவளுக்கு வாசல் திறந்திருக்கிறது.

சுடுகாட்டில் இருக்கும் பெண்கள்

இந்தக் கோணத்தில் பார்க்கத் தொடங்கியதும் நம் சுடுகாடு முழுக்கப் பெண்கள் தென்பட்டார்கள்.

தமிழ்நாட்டின் பெரும்பாலான மயானங்களின் நுழைவில் அரிச்சந்திரன் இருப்பார். கல்லாகவோ சிலையாகவோ சிறு கோயிலாகவோ. பாடையை அங்கே இறக்கி, அவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அந்த அரிச்சந்திரன் கதையில் சுடுகாட்டுக்குப் பிணத்தைத் தூக்கி வருவது யார்? சந்திரமதி. பாம்பு கடித்து இறந்த மகனைத் தன் கையில் ஏந்திக்கொண்டு, துணைக்கு ஒரு ஆளில்லாமல் இரவில் வருகிறாள். எரிப்பதற்கான கட்டணம் கொடுக்கவும் அவளிடம் ஒன்றும் இல்லை. நம் மயானச் சடங்கின் மூலக் கதையே ஒரு பெண் தன் பிள்ளையைத் தானே கொண்டுவந்த கதைதான். அந்தக் கதையின் பெயரால் அனுமதி கேட்கும் இடத்துக்கு அவளைப் போன்ற தாய் வரக் கூடாது.

திருவாலங்காட்டுக்குப் போனால் காரைக்கால் அம்மையார். அழகான உடலை வேண்டாமென்று உதறிவிட்டு, பேய் உருவம் கேட்டு வாங்கி, இடுகாட்டில் இறைவன் ஆடும் ஆட்டத்தைப் பாடியவர். பக்கத்திலேயே பழையனூர் நீலி. கணவனால் கொல்லப்பட்ட பெண், பேயாகத் திரும்பி வந்து, எழுபது வேளாளர் கூடிய சபையில் இவன் என் கணவன், என்னோடு அனுப்புங்கள் என்று அழுதாள். அவர்கள் அனுப்பினார்கள். அவள் அவனைக் கொன்றாள். கொடுத்த வாக்குக்காக அந்த எழுபது பேரும் தீப்பாய்ந்தார்கள் என்பது கதை. தமிழ் மொழி இந்தக் கதையிலிருந்து நினைவில் வைத்துக்கொண்டது என்ன? பொய்யாக அழுவதற்கு நீலிக்கண்ணீர் என்று பெயர் வைத்தது. கொலையுண்டவள் அவள், நியாயம் கேட்டு அழுதவள் அவள், பொய்க்கு உவமையானதும் அவள் கண்ணீர்தான்.

உடன்கட்டை ஏறப் போகும் மனைவி, பேயுருக் கொண்ட பக்தை, பழிவாங்கும் ஆவி, கதைக்குள் சந்திரமதி என்று இத்தனை பெண்களுக்குச் சுடுகாட்டில் இடம் உண்டு. உயிரோடு, சாதாரணமாக, துக்கத்தோடு வந்து நின்றுவிட்டுத் திரும்பி வீட்டுக்குப் போகும் பெண்ணுக்கு மட்டும்தான் இடமில்லை.

அழுகை என்ற மனு

அவளுக்கென்று கொடுக்கப்பட்டது வீட்டு வாசலும் ஒப்பாரியும். என் அம்மா வழிப் பாட்டி மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்தில் பெயர்பெற்ற ஒப்பாரிக்காரி. சாவு வீட்டுக்குள் நுழையும்போது சாதாரணமாகத்தான் போவார். வாசலில் கால் வைத்ததும் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தியின் தோளைக் கட்டிக்கொண்டு குரல் எடுப்பார். நான்கைந்து பேர் தோளோடு தோள் சாய்ந்து வட்டமாவார்கள். ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் விம்மலால் அதை முடித்து வைப்பார்கள். இறந்தவரைப் பொன்னென்றும் தேரென்றும் புகழ்ந்து தொடங்கும் பாட்டு, நான்காவது ஐந்தாவது அடியில் மெல்லத் திசை மாறும். கட்டிக் கொடுத்த இடத்தில் பட்ட அடி, தாய்வீட்டுச் சீரில் அண்ணன் வைத்த குறை, பங்கு பிரித்தபோது தனக்கு வராமல் போன நிலம், பிறந்து இறந்த பிள்ளை எல்லாம் வரும். குற்றம் சாட்டப்பட்டவர் அதே பந்தலில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எழுந்து பதில் சொல்ல முடியாது. சாவு வீட்டில் அழுகிறவளைத் தடுக்கக் கூடாது என்பது வழக்கம்.

மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசே தமிழ்நாட்டுச் சாவுப் பாடல்களைப் பற்றி 2005இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். 'இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை' என்பது அதன் தலைப்பின் பொருள். ஒப்பாரியில் பெண்கள் தங்கள் வாழ்வுக்காகவே அழுகிறார்கள் என்பதை அவர் அந்தப் பெண்களிடமே கேட்டு எழுதியிருக்கிறார். இதைப் படித்து நான் அதிர்ச்சி அடையவில்லை. பாட்டி எப்போதும் சொல்வதுதான்: அவரவர் துக்கத்தைத்தான் அவரவர் அழ முடியும். பஞ்சாயத்தில் வாய் திறக்க முடியாதவளுக்கு, மனு எழுதத் தெரியாதவளுக்கு, ஊர் கூடியிருக்கும் இடத்தில் தன் வழக்கைச் சொல்ல வருடத்துக்கு நான்கைந்து வாய்ப்புகள் கிடைத்தன. அவை சாவுகள்.

பாரி மகளிரின் பாடலை, புறநானூற்றின் 112ஆம் பாடலை, நான் இந்த வரிசையில்தான் வைப்பேன். தந்தையும் போய், மலையும் போன பிறகு, போன மாத நிலவையும் இந்த மாத நிலவையும் ஒப்பிட்டு அந்த மகள்கள் அழுகிறார்கள். அந்த அழுகைக்குள் வென்ற மூவேந்தர்களின் மேல் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. அந்தப் போரைப் பற்றித் தோற்ற வீட்டுப் பெண்கள் தந்த சாட்சியம் அது.

இந்த இடத்தில் ஒப்பாரியை அப்படியே தூக்கிக் கொண்டாடிவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பல ஊர்களில் நிலவுடைமையாளர் வீட்டுச் சாவுக்கு வந்து அழுவதும் மாரடிப்பதும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களின் கடமையாக இருந்தது, அவர்கள் வீட்டு ஆண்களுக்குப் பறையடிப்பது கடமையாக இருந்ததைப் போல. கூலிக்கு மாரடிப்பது என்று நாம் கேலியாகப் பேசும் தொடர் அந்த உழைப்பின் எச்சம்தான். நெல்லுக்காகத் தன் மார்பில் அடித்துக்கொண்டவளின் வலி அந்தத் தொடரில் இல்லை. அவள் மேலான இளக்காரம் மட்டும் இருக்கிறது. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று தலித் மக்கள் மறுத்துப் போராடியதும், பின்னர் அதே பறையைத் தங்கள் கலையாக மேடையேற்றியதும் தமிழ்நாட்டின் பெருமைக்குரிய வரலாறு. சென்னைச் சேரிகளின் சாவு வீடுகளில் ஆண்கள் பாடிய கானாவும் மேடைக்கும் சினிமாவுக்கும் வந்துவிட்டது. பெயரிலேயே மரணத்தைச் சேர்த்துக்கொண்ட மரண கானா விஜியை நகரம் அறியும். பெண்களின் ஒப்பாரிக்கு அப்படியொரு பயணம் வாய்க்கவில்லை. "சும்மா ஒப்பாரி வைக்காதே" என்று மனைவியின் வாயை அடைக்கும் சொல்லாகத்தான் அது நகரத்துக்கு வந்து சேர்ந்தது.

தாலி போனது, குரலும் போனது

ஒப்பாரி பாடிய அதே பெண்கள்தான் பத்தாம் நாளோ பதினாறாம் நாளோ விடியுமுன் ஒருத்தியை உட்கார வைத்து, பூ வைத்து, வளையல் அடுக்கி, பிறகு அத்தனையையும் பறித்தார்கள். பிறந்த வீட்டுக் கோடியைப் போர்த்தி, தாலியை அறுத்து, பொட்டை அழித்தார்கள். அதைச் செய்த கைகள் பெரும்பாலும் முன்பு தாலி அறுத்த கைகள். தனக்கு நடந்ததை இன்னொருத்திக்குச் செய்ய வைப்பதுதான் அந்தச் சடங்கின் கொடுமை.

இதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் உரக்கப் பேசியது சுயமரியாதை இயக்கம். 1933 மே 11 அன்று நாகம்மையார் இறந்தபோது பெரியார் குடி அரசில் எழுதிய தலையங்கம் தமிழ் இரங்கல் எழுத்தில் தனித்து நிற்பது. இழப்பைப் புலம்பலாக எழுதாமல், தனக்குத் தானே கணக்குப் பார்ப்பது போல எழுதினார். பெண் விடுதலை பற்றி ஊருக்குச் சொன்னதில் நூறில் ஒரு பங்கைக் கூட நாகம்மையிடம் தான் நடந்துகாட்டவில்லை என்று ஒப்புக்கொண்டார். மனைவி இறந்த வீட்டில் ஒரு கணவன் தன் மேலேயே குற்றம் சாட்டிக்கொண்டு ஊர் படிக்க எழுதியது, எனக்குத் தெரிந்து, நம் வரலாற்றில் அபூர்வம். சடங்கில்லாத இறுதி ஊர்வலம், காரியத்துக்குப் பதில் படத்திறப்பு, தாலியையும் பொட்டையும் பறிக்காத வீடுகள் எல்லாம் அந்த இயக்கம் தந்தவை. அவற்றால் எத்தனையோ பெண்கள் மனிதராக வாழ்ந்தார்கள்.

ஆனால் படத்திறப்பு விழாக்களுக்குப் போய் வரும்போதெல்லாம் ஒன்று உறுத்தும். மேடை, ஒலிபெருக்கி, வரிசையாக இரங்கல் உரைகள். பேசுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அந்த வீட்டுப் பெண் முன்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருப்பாள். இழிவு ஒழிந்தது, கூடவே அவள் பேசும் இடமும் ஒழிந்தது. பழைய பந்தலில் அவளுக்குக் குரல் இருந்தது, மரியாதை இல்லை. புதிய மேடையில் மரியாதை இருக்கிறது, குரல் இல்லை. இரண்டையும் சேர்த்துக் கேட்பது பேராசையா?

ஒப்பாரி இல்லாத சாவுகள்

கிராமத்து வாசலில்லாத நகரச் சாவைத் தமிழ் இலக்கியத்தில் முதலில் உற்றுப் பார்த்தவர்களில் ஒருவர் புதுமைப்பித்தன். அவருடைய 'செல்லம்மாள்' கதையில் சென்னையில் மனைவி இறந்துபோகிறாள். நோயில் கிடந்த அவளைக் கவனித்தவரும் இரவில் உடலோடு தனியாக இருப்பவரும் கணவர் பிரமநாயகம் பிள்ளைதான். அழ வருவதற்கு உறவுக்காரப் பெண்கள் இல்லை. கிராமத்தில் பத்துப் பெண்கள் செய்யும் வேலையை ஒரு ஆண் சத்தமில்லாமல் செய்து முடிக்கிறார். எழுதியவரே 1948இல் காசநோயால் இறந்தார்.

காசநோய் என்றதும் எங்கள் தாம்பரத்துக்குத் திரும்ப வேண்டும். 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கே காசநோயாளிகளுக்கான சானடோரியத்தைத் தொடங்கினார். நகர நெரிசலிலிருந்து விலகிய இடம், மரங்கள், நல்ல காற்று. மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் அவைதான் சிகிச்சை. 1931இல் மின்சார ரயில் தாம்பரம் வரை வந்தது. 1937இல் சானடோரியத்தை அரசு எடுத்துக்கொண்டது. ரயில் நிலையத்துக்கே தாம்பரம் சானடோரியம் என்று பெயர். தினமும் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறோம். எத்தனை பேர் அங்கே குடும்பத்தைப் பிரிந்து இறந்தார்கள் என்று நினைப்பதில்லை. காசநோய்க்காரர் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள். அதனால் சாவையே மெதுவாகச் சொன்னார்கள். வேறு வியாதி என்றார்கள். ஒப்பாரிக்குக் காரணம் சொல்ல வேண்டும்; காரணம் சொல்ல முடியாத சாவுக்கு ஒப்பாரி வைக்க முடியாது.

1986இல் இந்தியாவில் எச்ஐவி தொற்று முதன்முதலாகச் சென்னையில் கண்டறியப்பட்டது. கண்டறிந்தவர்கள் இரண்டு பெண்கள்: டாக்டர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி நிர்மலா. இரத்த மாதிரிகள் பாலியல் தொழிலாளிப் பெண்களுடையவை. அதிலிருந்து அந்த நோய்க்கு ஒரு பெண்ணின் முகத்தை மாட்டிவிட்டது சமூகம். 1993 முதல் தாம்பரம் மருத்துவமனை எச்ஐவி நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. மற்ற இடங்களில் கட்டில் கிடைக்காதவர்கள் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், ஆந்திராவிலிருந்தும் இங்கே வந்தார்கள். நாட்டின் மிகப் பெரிய எச்ஐவி சிகிச்சை மையங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கிய முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. அதற்கு முன் வந்தவர்களில் பலர், மருந்து வாங்க வழியில்லாமல், சாவதற்குத்தான் வந்தார்கள்.

அந்தச் சாவுகளுக்குப் பின்னால் நின்ற பெண்களை நினைத்துப் பாருங்கள். இருபது, இருபத்தைந்து வயது. கணவரிடமிருந்து தொற்று அவளுக்கும் வந்திருக்கும். கடைசி வரை அவருக்கு எச்சில் துடைத்தவள் அவள். அவர் போனதும், என் பிள்ளையைக் கொன்றுவிட்டாய் என்று மாமியார் வீட்டில் பழி அவள் மேல் விழும். ஊருக்குத் தெரியக் கூடாது என்று காரியத்தை அவசரமாக முடிப்பார்கள். உடலைத் தொட்டுக் குளிப்பாட்டவே அஞ்சிய காலம் அது. தாலியை மட்டும் மறக்காமல் கழற்றிக்கொள்வார்கள். நகை, வீடு, நிலம் எதிலும் பங்கில்லை என்று வெளியே அனுப்புவார்கள். கணவனுக்காக அழக் கூட அவளுக்கு உரிமை தரப்படவில்லை, அழுதால் நீலிக்கண்ணீர்.

அப்படிப்பட்ட பெண்கள் சேர்ந்து 1998இல் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்ற அமைப்பைச் சென்னையில் தொடங்கினார்கள். முன்னின்றவர் கௌசல்யா. முகத்தையும் பெயரையும் மறைக்காமல், எனக்கு எச்ஐவி இருக்கிறது, திருமணத்தால் வந்தது என்று பேசினார். மருந்து வேண்டும், கணவர் சொத்தில் பங்கு வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் வேண்டும் என்று அந்தப் பெண்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறினார்கள். அவர்கள் பேசியதைக் கேட்டால், பாட்டியின் ஒப்பாரியில் நான்காவது அடிக்குப் பிறகு வரும் அதே விஷயங்கள்தான்: புகுந்த வீட்டுக் கொடுமை, கிடைக்காத பங்கு, பிள்ளையின் கதி. சாவுப் பந்தலிலிருந்து துரத்தப்பட்டவர்கள், மனுவை எடுத்துக்கொண்டு நேராக அரசாங்கத்திடம் போனார்கள்.

யார் தடுக்கிறார்கள்?

2020 ஏப்ரலில் நரம்பியல் மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் கொரோனாவால் இறந்தபோது, சென்னையில் அவர் உடலைப் புதைக்க விடாமல் கூட்டம் தாக்கியது. கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்திலிருந்து திருப்பி, கடைசியில் வேலங்காட்டில் சக மருத்துவர் ஒருவர் இரவில் மண்ணை அள்ளிப் போட்டுப் புதைக்க வேண்டியிருந்தது. மனைவியும் மகனும் பாதியில் உயிருக்குப் பயந்து ஓட நேர்ந்தது. அதன் பிறகு தொற்றுநோயால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுப்பதைத் தமிழக அரசு அவசரச் சட்டத்தின் மூலம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. கணவரை அவர் விரும்பிய இடத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்று மனைவி நீதிமன்றம் போனார். உடலைக் கீழ்ப்பாக்கத்துக்கு மாற்ற 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஓராண்டு அலைந்து அந்த ஆறடி நிலத்தை வாங்கியவர் ஒரு பெண்.

அதே வேலங்காடு மயானத்தை அதற்குச் சில ஆண்டுகள் முன், 2014 முதல், பெண்கள் நிர்வகித்தார்கள். ஒரு தொண்டு நிறுவனம் அந்தப் பொறுப்பை ஏற்று, பிரவீணா சாலமன் உள்ளிட்ட பெண்களை அங்கே வேலைக்கு அமர்த்தியது. தொடக்கத்தில் மிரட்டல்கள் வந்தன என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மிரட்டியவர்கள் ஓய்ந்தார்கள், வேலை நடந்தது. பேய் பிடிக்கும், கர்ப்பப்பைக்கு ஆகாது, பெண்ணுக்கு மனம் தாங்காது என்று நமக்குச் சொன்ன காரணங்களெல்லாம் தினமும் பிணம் எரியும் இடத்தில் எட்டு மணி நேரம் வேலை செய்த பெண்களுக்குப் பொருந்தவில்லை.

பெண் மயானத்துக்குள் வரக் கூடாது என்றோ, மகள் கொள்ளி வைக்கக் கூடாது என்றோ எந்தச் சட்டமும் இல்லை. கொள்ளி வைத்தவருக்குத்தான் சொத்து என்றும் சட்டம் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் மகளையும் வாரிசாக்கியது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கைத் தமிழ்நாடு 1989இலேயே கொடுத்தது. அந்தச் சட்டம் வரும் முன் மணமான மகள்களை மட்டும் விட்டுவிட்டது. 2005இல் மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. ஆனாலும் "கொள்ளி வைக்க ஒரு பிள்ளை" என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. காரியம் முடிந்த பதினாறாம் நாள் வீட்டில் நடக்கும் சொத்துப் பேச்சில், மயானத்துக்குப் போனவரின் குரல் உரக்கக் கேட்கிறது. தெருமுனையில் நின்றவளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து கேட்கிறார்கள். சுடுகாட்டுத் தடையும் பத்திரப் பதிவு அலுவலகமும் வேறு வேறு விஷயம் என்று நான் இப்போது நம்புவதில்லை.

அம்மா போன மூன்றாம் வருடம், என்னைத் தடுத்த அதே பெரியம்மா போனார். அவருக்கு இரண்டு மகள்கள், மகன் இல்லை. பங்காளி வீட்டுப் பையனைக் கூப்பிடப் பேச்சு எழுந்தபோது மூத்தவள் ஒரே வார்த்தை சொன்னாள்: "நான் இருக்கேன்." அமரர் ஊர்தியில் அவர்கள் இருவரும் ஏறினார்கள். நானும் ஏறினேன். மளிகைக் கடை கடந்து போனது. முனையில் நின்ற பெண்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என்னை அங்கே பார்ப்பது போலிருந்தது.

எரிவாயு தகன மேடை நான் பயந்ததைப் போல இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர், இரும்பு நாற்காலிகள், வேப்பமரம், வாசலில் அரிச்சந்திரன். அக்கா சூடம் ஏற்றினாள். உடல் உள்ளே போனபோது, எங்களோடு பிடிவாதமாக வண்டியில் ஏறிவிட்டிருந்த அத்தை, அந்த நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து குரல் எடுத்தார். மகனில்லாதவள் என்று பெரியம்மாவை ஊர் பேசிய பேச்சையெல்லாம், பேசியவர்கள் நின்றுகொண்டிருக்க, வரிசையாகச் சொல்லி அழுதார். நாங்கள் மூவரும் அவர் தோளில் சாய்ந்துகொண்டோம். எனக்கு அடி எடுக்கத் தெரியாது, விம்மத் தெரிந்தது.

அலுவலகத்தில் இருந்தவர் விவரம் கேட்டு எழுதினார். இறந்தவர் பெயர், வயது, மருத்துவர் சான்று, ஆதார் நகல். 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்துவிடுங்கள் என்றார். இறந்தவருக்கு என்ன உறவு என்று கடைசியாகக் கேட்டார். அக்கா "மகள்" என்றாள். அவர் நிமிர்ந்து கூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார்.